சேலைக்கு அடியில் வைத்த ரிப்போர்ட்

கண்ணு,

நலம் விசாரித்துத் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கோபம் முந்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாமியாருக்கு மார்பில் கட்டி என்றாய். பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் ஊசியால் சதை எடுத்துச் சோதித்து, புற்றுநோய்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்றாய். அதுவரைக்கும் நெஞ்சு பதறத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் சொன்னாய் பார்: "வெசனப்படாதீங்கம்மா. பெரியப்பாகிட்டச் சொல்லிப்போட்டேன். உங்களுக்கு ஆபரேசன் பண்ணுன அதே டாக்டர்கிட்ட வியாழக்கிழமை பாக்கறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டாரு. பொள்ளாச்சிப் பேப்பரையெல்லாம் ஊட்டுலயே வெச்சுட்டுப் போங்கன்னு அத்தைகிட்டச் சொல்லிட்டேன். வேற எடத்துல காட்டுனது தெரிஞ்சா டாக்டர் சங்கடப்படுவாருல்லீங்க? நீங்களும் அப்படித்தானுங்களே பண்ணுனீங்க."

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் என்ன சொன்னேன்? "செரி கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நம் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் வாயில் வந்து நிற்பது அந்தச் 'செரி'தான். டாக்டர் சொன்னால் செரிங்க, பங்காளி சொன்னால் செரிங்க, பெற்ற மகன் தப்பாகச் சொன்னாலும் செரி. அடுத்த மாதம் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறப்போகிறாய். அதற்குள் இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாய், விஷயம் அப்படியே அமுங்கிப்போகும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. உன் பெண்டாட்டியிடம் கொடு. பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போடு. பெரியப்பா படித்துவிட்டுக் கோவித்துக்கொண்டால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் வைத்தியத்தைப் பற்றி உனக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது, எங்கே போனாலும் நமக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், எல்லோரும் நன்றாகக் கவனித்தார்கள், நடுவில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு ரிப்போர்ட்டைத் தொலைத்ததால் ஓர் ஊசி தாமதமாகிவிட்டது, மற்றபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. போன மாதம் உன் மாமன் வீட்டுப் புதுமனை விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து இதைத்தானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்? நான் பக்கத்து வரிசையில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையில் பாதி பொய், கண்ணு. அந்தப் பொய்யை உனக்குச் சொன்னவள் நான்தான்.

உனக்குத் தெரியும், முதலில் நான் போனது திருப்பூரில் ஒரு பெண் டாக்டரிடம். நம் தறியில் நூலைத் தாராகச் சுற்றிப் போடும் பழனியம்மாள் தன் அக்காவுக்கு அங்கேதான் பார்த்ததாகச் சொல்லி என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அந்த டாக்டருக்கு உன்னைவிட வயது குறைவாக இருக்கும். அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து பேசினாள். காகிதத்தில் மார்பை வரைந்து, கட்டி எங்கே இருக்கிறது, நெறி எங்கே கட்டும் என்று காட்டினாள். ஊசி போட்டுச் சதை எடுத்ததில் இரண்டு ரிப்போர்ட் வந்தது. ஒன்று, புற்றுநோய் என்று சொன்னது. பத்து நாள் கழித்து வந்த இரண்டாவது, அது எந்த வகைப் புற்றுநோய் என்று சொன்னது. அந்த இரண்டாவது தாளில் ஓர் இடத்தைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுச் சொன்னாள்: "இந்தப் பேப்பர் முக்கியமுங்கம்மா. நீங்க எங்க வைத்தியம் பாத்தாலும் பாருங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா இத மட்டும் மறக்காமக் காட்டிப்போடுங்க. இதுல ஒண்ணு சந்தேகமா இருக்குது. இன்னொரு டெஸ்ட் பண்ணித்தான் உறுதியாச் சொல்லோணும். அந்த வகையா இருந்தா அதுக்குன்னு தனியா ஒரு ஊசி இருக்குதுங்க." நான் என்ன சொன்னேன்? செரிங்க.

அடுத்த நாளே பெரியப்பா வந்துவிட்டார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "ஏந்தம்பி, ஊட்டுல இத்தாப் பெரிய சங்கதி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலியா? நான் செத்தா போயிட்டேன்?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அந்த மனிதருடைய பாசத்தை நான் குறை சொல்லவில்லை. கோயமுத்தூரில் அவருக்கு நன்றாகத் தெரிந்த பெரிய சர்ஜன் ஒருவர் இருந்தார். மறுநாள் காலை தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். கருமத்தம்பட்டி தாண்டியதும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "திருப்பூர்ல காட்டுனதச் சொல்லிப்போடாதீங்க அம்மணி. நம்மளுக்கோசரம் நேரம் ஒதுக்கிப் பாக்கறாரு. இன்னொருத்தர்கிட்டப் போயிட்டுத்தான் வாரோம்னா அவருக்கு மூஞ்சி சுண்டிப்போகும்." உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் மடியில் வைத்திருந்த பையைத் திறந்து, அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் வெளியே எடுத்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். யாரும் பிடுங்கவில்லை. என் கையால், நானே எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் உன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

டாக்டர் கேட்டார், "வேற எங்கயாச்சும் காட்டினீங்களாம்மா?" இல்லீங்க டாக்டர் என்றேன். கட்டியைத் தொட்டுப் பார்த்தபோது ஊசி குத்திய இடம் கருநீலமாக இருந்ததைப் பார்த்து, "இதென்ன காயம்?" என்று கேட்டார். "தறிக்கட்டையில இடிச்சுப்போட்டேனுங்க" என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய்? தண்ணீர் மாதிரி வந்தது. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அதே மார்பில், அதே கட்டியில், மறுபடியும் ஊசி. வலித்தது கண்ணு. வெளியே பெஞ்சில் உன் அப்பா எல்லாம் தெரிந்துகொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதருக்கு மூஞ்சி சுண்டிவிடக் கூடாதே என்று ஒரு பொம்பளை இரண்டு தடவை ஊசி குத்திக்கொண்ட கூத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறாயா? அந்த ஆஸ்பத்திரியில் வந்த ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்பது மட்டும்தான் இருந்தது. எந்த வகை என்பதை ஆபரேசனுக்கு அப்புறம் எடுத்த சதையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கும் செரிங்க.

ஆபரேசன் நன்றாகத்தான் பண்ணினார். அதில் குறையே இல்லை. அதற்குப் பிறகுதான் என்னை ஊர்வலம் விட்டார்கள். கீமோ மருந்து ஏற்றுவதற்கு நகரத்தின் இன்னொரு மூலையில் வேறொரு ஆஸ்பத்திரி, ஏனென்றால் அங்கே உன் சின்னம்மா மகன் ஆபீசில் இருக்கிறான், வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஸ்கேனுக்கு மூன்றாவது இடம், அது உன் அப்பாவோடு படித்தவருடைய மாப்பிள்ளை நடத்துவது. கதிர்வீச்சு வைப்பதற்கு நான்காவது இடம். சர்க்கரைக்கு நம்மூர் சோமனூர் டாக்டர். ஒவ்வொரு இடத்திலும் ஒரு புது ஃபைல். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து, "என்ன பிரச்சினை சொல்லுங்கம்மா." என் மார்பு போன கதையை நான் எத்தனை பேரிடம், எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. சொல்லச் சொல்ல நான் எதையாவது விட்டுவிடுவேன். விட்டது போகட்டும் என்று அவர்களும் எழுதிக்கொள்வார்கள்.

சர்ஜன் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், ஆபரேசன் பண்ணின பக்கத்துக் கையில் யாரையும் ஊசி போட விடாதீங்க என்று. வாயால் சொன்னதுதான். எந்த ஃபைலிலும் அது இல்லை. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு பெண் அந்தக் கையிலேயே மருந்து ஏற்ற ஊசியைச் செருகினாள். "அம்மணி, இந்தக் கையில வேண்டாம்னாங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குத்தியாகிவிட்டது. "ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள். அதனாலேதானா என்று எனக்குத் தெரியாது, அடுத்த வாரம் கை வீங்கி, இன்றைக்கு வரைக்கும் கொடியில் துணி காயப்போட எக்க முடியவில்லை. கீமோவோடு ஏற்றிய மருந்தில் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் சோமனூர் டாக்டருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் நான் இனிப்புத் தின்கிறேன் என்று என்னைத் திட்டினார். மார்புப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டு, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தவளைப் பார்த்து, "லட்டு சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறார்.

நீ தறிக்கொட்டகையில் வளர்ந்தவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாவு நூல் கஞ்சி போடச் சைசிங்குக்குப் போனால் கூடவே ஒரு சீட்டுப் போகும். எத்தனை இழை, எத்தனை மீட்டர், என்ன நம்பர் நூல், யாருக்குப் போக வேண்டியது, எல்லாம் அதில் இருக்கும். சீட்டு இல்லாமல் பாவு சுற்றி வந்த பீமை உன் அப்பா தறியில் ஏற்ற மாட்டார். வண்டிக்காரனை அங்கேயே நிறுத்தி வைத்து, போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் இறக்கவே விடுவார். நூலுக்கு அவ்வளவு மரியாதை. உன்னைப் பெற்று வளர்த்த உடம்பு ஐந்து இடத்துக்குப் போய் வந்தது, கூட ஒரு சீட்டு இல்லை. பீமுக்காகப் போன் போட்ட அந்த மனிதர் எனக்காக ஒருத்தருக்கும் போன் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை. டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தோம். நமக்குத் தெரியாமல் எங்கேயோ ஒரு பெரிய புஸ்தகத்தில் எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்தோம். மண்ணாங்கட்டி. அப்படி ஒரு புஸ்தகமே கிடையாது. இருந்ததெல்லாம் என் கையிலிருந்த ஜவுளிக்கடைப் பை ஒன்றுதான்.

நீ என்ன செய்தாய் என்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். 'அம்மா ஹெல்த்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தாய். இருபத்திரண்டு பேர் அதில். நான் ஒவ்வொரு தடவை போய்வந்ததும் உன் அப்பா போட்டோ எடுத்துப் போடுவார். கீழே வரிசையாகக் கும்பிடு போடுகிற கைப் படங்கள். ஆளாளுக்கு ஒரு கஷாயம். மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசச் சொல்லி ஒருத்தி. இருபத்திரண்டு பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "அந்த வகை ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டீர்களா? நீ படித்த படிப்புக்கு அந்தத் தாள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிசையாக வைத்துப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். "எல்லாம் பக்காவாப் போயிட்டிருக்குங்கம்மா" என்று சொன்னாய். அதை நம்பித்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

கேட்டவள் யார் தெரியுமா? கீமோ ஏற்றும் வார்டில் இருந்த எஸ்தர் சிஸ்டர். நமக்குச் சொந்தமில்லை, பந்தமில்லை, யார் சொல்லியும் வந்தவள் இல்லை. எனக்கு எட்டுத் தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்று கணக்கு. ஏழாவது தடவை அன்றைக்கு ஊசியைக் குத்திவிட்டு, பாட்டில் இறங்குகிற நேரத்தில் என் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். "அக்கா, கட்டி என்ன வகைன்னு பாத்த ரிப்போர்ட் எங்கீங்க? ஒவ்வொரு தடவையும் 'ரிப்போர்ட் வந்ததும் காட்டவும்'னு எழுதியிருக்காங்க. ஏழு தடவை எழுதியிருக்குது. ஏழு பேர் கையெழுத்து. ஒருத்தரும் பொறகு கேக்கலீங்களா?" என்றாள். "கேட்டாங்க சிஸ்டர். ஆபரேசன் பண்ணுன எடத்துல குடுப்பாங்கன்னு சொன்னேனுங்க" என்றேன். அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமல் சர்ஜன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அங்கே, அதை மருந்து ஏற்றும் இடத்தில் பார்ப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டோம் என்றார்கள். இங்கே, அதை அங்கே பார்த்திருப்பார்கள் என்று விட்டிருக்கிறார்கள். எஸ்தர் போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "ஏனுங்கக்கா, மொதல்ல வேற எங்கயாச்சும் ஊசி டெஸ்ட் பண்ணுனீங்களா?" என்று கேட்டாள்.

அவளிடம் எனக்குப் பொய் வரவில்லை. அவள் யாருக்கும் வேண்டியவள் இல்லையே, யாருடைய மூஞ்சியும் சுண்டாதே. "பண்ணுனேனுங்க. ரிப்போர்ட் ஊட்டுல பீரோவுல இருக்குதுங்க" என்றேன். "அதென்னுங்க, பீரோவுல?" என்று கேட்டாள், திட்டவில்லை. மறுநாள் உன் அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். சிவப்புச் சுழிப்பைப் பார்த்ததும் கீமோ டாக்டருடைய முகம் மாறியது. ஆபரேசனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்களாம். அந்தச் சின்னக் கட்டையைச் சர்ஜன் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி, உன் அப்பா டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் லேபில் கொடுத்தார். திருப்பூர் டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். அந்தத் தனி ஊசி போட வேண்டிய வகைதான். ஐந்தாவது தடவையிலேயே ஆரம்பித்திருக்க வேண்டியதை ஒன்பது வாரம் கழித்து ஆரம்பித்தார்கள். "இப்ப ஆரம்பிச்சாலும் பலன் இருக்குதுங்கம்மா" என்றார் டாக்டர். "லேட்டானதால கெடுதலுங்களா?" என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, "அத உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா" என்றார். அந்தப் பதிலோடுதான் நான் தினமும் எழுந்து பல் விளக்குகிறேன். ஒவ்வொரு தடவை ஸ்கேனுக்குப் போகும்போதும் அந்த ஒன்பது வாரமும் என்கூடவே வருகிறது.

நீ போனில் கேட்டபோது நான், "ரிப்போர்ட் எங்கயோ தவறிப்போச்சாம் கண்ணு" என்றேன். யார் தவறவிட்டது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கத்தினாய். எடுத்தது எஸ்தர். "எங்கம்மா உசுரோட வெளையாடறீங்களா?" என்று கேட்டாயாமே? அடுத்த தடவை நான் போனபோது அவளே சொன்னாள், "உங்க பையன் நல்லாப் பேசுனாருங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே பாட்டிலை மாற்றினாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றியவளை என் மகன் திட்டியதைக் கேட்டுக்கொண்டு, கொழுக்கட்டையை வாயில் அடைத்துக்கொண்டவள் மாதிரி படுத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வா. போனில் இல்லை, நேரில்.

தப்பு என்மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. பத்தாவது வரைக்கும் தமிழில் படித்த ஒருத்தியின் கைப்பையை நம்பியா இவ்வளவு பெரிய வைத்தியம் நடக்கிறது? அத்தனை பேரிடமும் போன் இருக்கிறது. எனக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே எத்தனை பேரிடம் பேசினார்கள், நிலம் பார்ப்பதைப் பற்றிக்கூடப் பேசினார்கள். என்னைப் பார்த்த இன்னொரு டாக்டரிடம் பேச மட்டும் ஒருத்தருக்கும் விரல் எழவில்லை. சீக்குக்காரியே தபால்காரி. தபால்காரி ஒரு கடிதத்தை ஒளித்து வைத்தால் கேட்பாரில்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து ஒட்டுக்காப் பார்க்கிறவர் மட்டும் ஒருத்தரும் இல்லை. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீ சொன்னபடி நான் நடக்கவில்லை, கண்ணு. புதன்கிழமை காலையிலேயே கிளம்பி, உக்கடத்தில் பஸ் மாறி, கிணத்துக்கடவுக்குப் போனேன். உன் மாமியார் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, தன் சீக்கைச் சொல்வதற்கே தயங்கினாள். பொள்ளாச்சிப் பேப்பர் எங்கே என்று கேட்டேன். "மாப்பிள்ளை கொண்டுபோக வேண்டாம்னாருங்களே அக்கா. அவரு மனசு நோகுமுங்களே" என்றாள். பார்த்தாயா, டாக்டர் மனசு நோகும் என்று நீ, உன் மனசு நோகும் என்று அவள். "அவன் மனசு நொந்தா நான் ஒத்தடம் குடுத்துக்கறேன், நீங்க எடுங்க அம்மணி" என்று சொல்லி எல்லாவற்றையும் வாங்கித் தேதி வாரியாக அடுக்கினேன். பிறகு அவளுக்கு என் கதையை முழுசாகச் சொன்னேன், இப்போது உனக்குச் சொன்ன மாதிரியே. என் வீங்கிய கையை அவள் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டேன்.

நேற்று வியாழக்கிழமை. பெரியப்பா காரோடு வந்திருந்தார். வழியெல்லாம் அதே பேச்சு, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதே அறை, அதே டாக்டர். உன் மாமியாரைப் பார்த்து அதே கேள்வி, "வேற எங்கயாச்சும் காட்டினீங்களாம்மா?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "காட்டினாங்க டாக்டர், பொள்ளாச்சியில. இந்தாங்க அவங்க எழுதினது" என்று மேஜைமேல் வைத்தேன். பெரியப்பா கனைத்தார். டாக்டருக்கு முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. "அங்கயே ஆரம்பிச்சுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். ஆனாலும் சொன்னேன்: "கோவம் இருந்தா பொறகு கோவிச்சுக்குங்க டாக்டர். மொதல்ல படிச்சுப் பாருங்க. நான் சோமனூருங்க, நீங்கதான் எனக்கு ஆபரேசன் பண்ணுனீங்க. இதே மாதிரி நீங்க கேட்டப்போ உங்களுக்குச் சங்கடமாயிருமேன்னு இல்லைன்னு பொய் சொன்னவ நானு. அதுக்கு என்னாச்சுன்னு எம்பட ஃபைல எடுத்துப் பாருங்க. இவங்களுக்கு யாருங்க எல்லாத்தையும் ஒட்டுக்காப் பாக்கறது? அதச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொள்ளாச்சித் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "வகை பாக்கற ரிப்போர்ட் இன்னும் வரலியா?" என்று கேட்டார். அடுத்த வாரம் என்றாள் உன் மாமியார். அவர் தாளின் தலைப்பில் இருந்த நம்பரைப் பார்த்துத் தன் போனை எடுத்துப் பொள்ளாச்சி டாக்டரைக் கூப்பிட்டார். எங்கள் முன்னாலேயே இரண்டு பேரும் பேசினார்கள். எந்த வகை, எப்போது ரிப்போர்ட், ஆபரேசனுக்கு முன்னால் மருந்தா, பின்னால் மருந்தா என்று. பேசிக்கொண்டே ஃபைல் அட்டையில் அந்த டாக்டருடைய பெயரையும் நம்பரையும் எழுதினார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் உன் மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னுங்கக்கா, எல்லாம் நல்லபடியாத்தானுங்களே பேசுனாங்க? ஏனுங்க அழுவறீங்க?" என்று கேட்டாள். நான் அழவில்லை கண்ணு. எனக்குக் கோபம் தாங்கவில்லை.

இப்படிக்கு,
அம்மா